ஜஹீருன்னிசாவின் பதினோரு பெட்டிகள்

ஆம்பூர் இஷ்தியாக் அகமது தாராள மனசுக்காரர். அதில் ஒரு சங்கடம், அடுத்தவர் பொருளையும் அதே தாராளத்தோடு தூக்கிக் கொடுத்துவிடுவார். மேல்விஷாரத்தில் புதிதாகக் கட்டிய நூலகத்துக்கு, காலமான தன் அப்பாவின் பெயரில் நானூறு புத்தகம் தருவதாகக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டு வந்தார். அந்த நானூறும் மனைவி ஜஹீருன்னிசாவுடையவை.

"வீட்ல சும்மாதானே தூங்குது?" என்றார்.

சும்மாவா! பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை. ஆனால் நடுவில் மாமனார் பெயர் வந்துவிட்டதே, எப்படி மறுப்பது? கணவரின் ஷூ கம்பெனியிலிருந்து வந்த பதினோரு பெரிய அட்டைப்பெட்டிகளில் அடுக்கினாள். கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டும்போது அழுதேவிட்டாள்.

மறுநாள் காலை டெம்போ வந்தது. பெட்டியை ஏற்றப்போன டிரைவர் செந்தில்குமாரை இஷ்தியாக் தடுத்தார்.

"இரு, இரு. செக் பண்ணாம எந்தப் பெட்டியும் நம்ம கேட்டத் தாண்டாது."

முப்பது வருஷ ஏற்றுமதிப் பழக்கம். சரக்கு கிளம்பும் முன் ஒரு பெட்டியையாவது பிரித்துப் பார்க்காவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். உள்ளே ஷூவா, புத்தகமா என்பதெல்லாம் கைக்குத் தெரியுமா? டேப்பைக் கிழித்தார். மேலே இருந்ததை எடுத்துத் தையல் பார்ப்பதுபோல் திருப்பிப் பார்த்து, அட்டையைத் திறந்தவர் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

'இது ஜஹீருன்னிசாவின் புத்தகம். வேண்டுவோர் அவளைக் கேட்டு எடுக்கவும்.'

அடுத்ததிலும் அதே. இன்னொரு பெட்டியைப் பிரித்தார். அதிலும்.

"இன்னா இது, எல்லாத்துலயும் எழுதி வச்சிருக்க?"

"தபால்ல எம்.ஏ. படிச்சப்போ பாடத்துல வந்துதுங்க. நானூறு வருஷம் முன்ன இங்கிலாந்துல பொண்டாட்டி சாமானெல்லாம் புருஷனுக்குதான்னு சட்டம். அப்பவும் சில பொம்பளைங்க புத்தகத்துல தன் பேர எழுதி வச்சாங்களாம். நம்ம மார்க்கத்துல பொண்டாட்டி பொருள் பொண்டாட்டிக்குதான். இருந்தாலும் எழுதி வச்சேன்."

அந்த 'இருந்தாலும்' இஷ்தியாக்குக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் தொழிலில் எடுத்துப் பார்த்த ஜோடியில் குறையிருந்தால் மொத்தச் சரக்கும் நிற்கும்.

"செந்திலு, இந்த லாட்டு போகாது. ஏத்தாத" என்றார். பிறகு மனைவியிடம், "கேக்காம சொல்லிட்டேன். இப்போ கேக்கறேன். குடுக்கலாமா?"

"வேணாங்க" என்றாள் ஜஹீருன்னிசா.

இத்தனை சின்ன வார்த்தையைச் சொல்லவா ஒரு வாரம் ஆனது என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததும் மனசு இளகியது.

"ரெண்டு பெட்டி தர்றேன். எதெதுன்னு நான்தான் பொறுக்குவேன்."

"அப்பா பேர்லதானே?"

"மாமா பேருக்கு நீங்க வாங்கிக் குடுங்க. இது என் பேர்ல போகட்டும்."

இஷ்தியாக் தாடியைத் தடவினார். "மிச்ச ஒம்பதையும் மாடிக்கு ஏத்தணுமா, பேஜார்" என்று முனகிக்கொண்டே முதல் பெட்டியைத் தானே தூக்கினார். ஜஹீருன்னிசா அவரை முந்திக்கொண்டு படியேறி, அலமாரிக் கதவை விரியத் திறந்து வைத்தாள்.