டிவிடியில் அடங்காத கல்யாணம்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டுக்கு யார் வந்தாலும், காபி கொடுத்த கையோடு கல்யாணப் படம் போட்டுக் காட்டுவது வழக்கம். மருமகள் பாரதியின் கல்யாணம் இல்லை, மகள் காவியாவின் கல்யாணம். கடத்தூரில் வாழ்க்கைப்பட்டுப் பத்து வருஷம் ஆன பிறகும், பிறந்த வீட்டு டிவியில் காவியா இன்னும் மணவறையில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கல்யாணத்தைப் பார்ப்பதற்கென்றே அவளுடைய அப்பா மாயவன் வாங்கிப்போட்ட டிவிடி பிளேயரும் சாகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பாரதி அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவளுடைய கல்யாணத்தை ஸ்டுடியோக்காரர் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பிளேயரில் சொருகினால், ஓடாது என்று ஒரு வரி மட்டும் வரும். மாமியார் சின்னம்மாள், "கெடக்குது வுடு, காவியாளதப் போடு" என்பாள். காவியா ஊருக்கு வந்திருந்தால் இன்னும் மோசம். தன் கல்யாணத்துக்குத் தானே பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்வாள். இது தர்மபுரியில் எடுத்த புடவை, இது சித்தப்பா போட்ட வளையல். இருபது தடவை பார்த்த மாமியார் இருபத்தொன்றாவது தடவையும் வாயைப் பிளந்து கேட்பாள். பாரதி அடுப்படியில் வெங்காயம் நறுக்குவாள், அதனால் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

"போன்லதான் இருக்குதே, பாத்துக்க" என்றான் புருஷன் மதியழகன். மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு அடிப்பவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கல்யாணத்தைப் போனில் தனியாகப் பார்ப்பது, தனக்குத் தானே விருந்து பரிமாறிக்கொள்வது மாதிரி. அந்தக் கூடத்தில், அந்த டிவியில், அந்த மாமியார் பார்க்க ஓட வேண்டும். பாரதிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நாளும் வந்தது. பாரதியின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தீர்த்தமலைக் கோயிலில் காதுகுத்து. சனிக்கிழமையே சொந்தமெல்லாம் வீட்டில் கூடும். பாரதியின் அம்மா முனியம்மாளும் வருவாள். போன தடவை வந்தபோதே அவள் மகளின் காதோரம், "உங் கல்யாணத்த இந்த வூட்டுல ஒருநாளாச்சும் போட்டாங்களாடி?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

பாரதி பி.சி.ஏ. படித்தவள். பள்ளியில் கொடுத்த லேப்டாப் பீரோ மேல் கிடந்தது. பாலக்கோடு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கெஞ்சி, தூசி படிந்த டிவிடி ரைட்டர் ஒன்றை இரவல் வாங்கினாள். கடையில் மிச்சம் இருந்த வெற்று டிஸ்குகள் ஐந்தையும் வாங்கிக்கொண்டாள். குழந்தை தூங்கும் மத்தியான நேரங்களில் வேலை தொடங்கியது.

முதல் டிஸ்கில், பென் டிரைவில் இருந்ததை அப்படியே ஏற்றினாள். பிளேயர் அதை உள்ளே வாங்கி, கொஞ்ச நேரம் முனகி, துப்பிவிட்டது. ஏற்றினால் போதாது, டிவிடிக்கு என்று இருக்கிற முறையில் வீடியோவை மாற்ற வேண்டும் என்று இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டாள். மாற்றி எடுத்த இரண்டாவது டிஸ்கில் கல்யாணம் கருப்பு வெள்ளையாக வந்து, மேலும் கீழும் உருண்டது. அமெரிக்க டிவிக்கான முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்; நம் ஊர் டிவிக்கு வேறு. மூன்றாவதில் நிறம் வந்தது, ஆனால் சத்தம் பின்தங்கியது. ஐயர் வாயை மூடிய பிறகு மந்திரம் கேட்டது. வினாடிக்கு எத்தனை படம் என்கிற கணக்கைச் சரிசெய்தாள். நான்காவதில் எல்லாம் சரி, முகங்கள்தான் சரியில்லை. மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்கில் திணித்ததில் மாப்பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. நல்ல தெளிவு வேண்டுமென்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

மிச்சம் இருந்தது ஒரு டிஸ்க். ஒரு மணி நேரத்தை வெட்ட வேண்டும்.

பந்தியை வெட்டினாள். மேடையேறிப் போட்டோவுக்கு நின்ற வரிசையை வெட்டினாள். வெட்ட இன்னும் இருபத்தைந்து நிமிஷம் மிச்சம் இருந்தது. எதை எடுப்பது என்று ஓட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தாள். எங்கே பார்த்தாலும் காவியா. மயில்கழுத்து நிறப் பட்டில், தலை கொள்ளாத பூவோடு. பெண்ணழைப்பில் காவியா, நலங்கில் காவியா, மாலை மாற்றும்போது நடுவில் காவியா. கேமராக்காரனுக்குக் கல்யாணப் பெண் யார் என்பதே மறந்துவிட்டது போலிருந்தது. தன் கல்யாணத்திலும் இவளேதானா?

வெட்டத் தொடங்கினாள். முதலில் நிமிஷக் கணக்குக்காக வெட்டினாள். பத்து வெட்டுக்குப் பிறகு கணக்கை மறந்துவிட்டாள். மயில்கழுத்து நிறம் கண்ணில் பட்டால் போதும், விரல் தானாக அமுக்கியது. நகத்துக்குள் ஏறிய மரச்சிலாம்பைப் பிடுங்கிப் போடுகிற சுகம் இருந்தது அதில். குழந்தை விழித்து அழுததைக்கூட இரண்டாவது தடவைதான் கேட்டாள். முடித்துப் பார்த்தால் ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம். குறைந்த வேகத்தில் நிதானமாகக் கடைசி டிஸ்கில் ஏற்றினாள். பிளேயரில் போட்டு முதல் பத்து நிமிஷம் பார்த்தாள். கண்ணாடி மாதிரித் தெளிவு, சத்தமும் உதட்டோடு ஒட்டியது. போதும் என்று எடுத்து உறையில் போட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. காவியா பிள்ளைகளோடு வந்து டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பாரதி தானே போய் டிஸ்கைப் போட்டாள்.

"இது யாரு கண்ணாலம்?" என்றாள் மாமியாரின் அக்கா.

"எங்களுதுங்க பெரியத்த" என்றாள் பாரதி. முனியம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. மாயவன்கூட, "நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றார். பாரதிக்குக் கால் தரையில் பாவவில்லை. யாருக்காவது தண்ணீர் வேண்டுமா என்று எல்லோரையும் கேட்டாள், காவியாவைக்கூடக் கேட்டாள். ஐம்பதாவது நிமிஷத்தில் கெட்டிமேளம் கொட்டியது. மதியழகன் குனிந்து தாலியை எடுத்துப் பாரதியின் கழுத்தில் வைத்து ஒரு முடிச்சுப் போட்டான். அடுத்த கணம், பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து அக்கினியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.



"என்னாடி இது, ஒத்த முடிச்சோட எந்திரிச்சுட்டாங்க" என்றாள் பெரியத்தை.

அப்போதுதான் பாரதிக்கு உறைத்தது. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் நாத்தனார் போடுவது. பின்னால் நின்று அந்த இரண்டையும் போட்டவள் காவியா. மயில்கழுத்து நிறம்.

சின்னம்மாளின் முகம் கறுத்துவிட்டது. "மீதி ரெண்டு எங்க? விடிஞ்சா கொழந்தைக்குக் காது குத்தப்போறோம், இப்பப் பாக்குற காட்சியா இது?"

முனியம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது, காவியா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஐம்பது நிமிஷமாகத் தன்னைத் தேடித் தேடிப் பார்த்தவளுக்கு இதைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? காவியா ஒருமுறை எச்சில் விழுங்கினாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"கேமராக்காரரு அப்ப பேட்டரி மாத்திக்கிட்டு இருந்தாரும்மா. போட்டது நானு, எனக்குத் தெரியாதா? ரெண்டும் இறுக்கிப் போட்டேன். படம் ஓடட்டும், நல்லாத்தான இருக்குது."

"அதான பாத்தேன்" என்று பெரியத்தை சாய்ந்து உட்கார்ந்தாள். சின்னம்மாள் மகளின் தலையைத் தடவி, "எம் பொண்ணு எதையும் அரகொறையா வுடமாட்டா" என்றாள். கூடம் முழுக்கக் காவியாவைப் பார்த்துத் தலையாட்டியது. படத்தில் ஓர் இடத்தில்கூட அவள் இல்லை. இருந்தும் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

தப்பித்தோம் என்று பாரதி மூச்சு விட்டிருக்கலாம். கடைசி வரை படம் ஓடியிருக்கும். ஆனால் அது காவியாவின் தயவில் ஓடுகிற படம். இனி ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும், ஒவ்வொரு தடவையும் காவியா அதே பொய்யைச் சொல்லிக் காப்பாற்றுவாள், ஒவ்வொரு தடவையும் மாமியார் அவள் தலையைத் தடவுவாள். காவியா திட்டியிருந்தால்கூடப் பாரதி தாங்கியிருப்பாள்.

"பேட்டரியெல்லாம் மாத்தலைங்க அத்த" என்றாள். "நாந்தான் வெட்டிட்டேன்."

சின்னம்மாளுக்குப் புரியவில்லை. "எதுக்கு வெட்டுன?"

காவியா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் பாரதிக்கு மிச்சமிருந்த பயமும் போய்விட்டது.

"எங் கண்ணாலத்துல எங்க பாத்தாலும் இவங்களே இருந்தாங்க. அதான்."

முனியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாயவன், மதியழகன், பெரியத்தை, சின்னம்மாள், எல்லோரும் பாரதியையே பார்த்தார்கள். காவியா தலையைக் குனிந்துகொண்டாள், அவளை யாரும் பார்க்கவில்லை. டிவியில் மணமக்கள் அம்மி மிதித்துக்கொண்டிருந்தார்கள், அதையும் யாரும் பார்க்கவில்லை.