ரிப்பன் மட்டும் போதும்

செல்ல நாய்களைக் குளிப்பாட்டிவிடும் அந்தக் கடையில் நாய் என்ற சொல்லுக்கு இடமில்லை. வருவதெல்லாம் குழந்தைகள், கூட்டி வருகிறவர்கள் அம்மா, அப்பா. குழந்தையைக் குளிப்பாட்டுகிற கூலியில் பேரம் பேச எந்த அப்பாவுக்கு வாய் வரும்? இந்தச் சூட்சுமத்தை வைத்துத்தான் கடைக்கார அக்கா இத்தனை வருடம் காலம் தள்ளினாள்.

பிறகு வீட்டுக்கடன் வட்டி ஏறியது, கம்பெனிகள் ஆட்களைக் குறைத்தன. குழந்தைகள் ஒவ்வொன்றாக நாயாகிவிட்டன. "நாய்க்கு எதுக்குங்க வெந்நீர்?" என்று கேட்ட அன்றோடு அந்தக் குடும்பம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. வீட்டிலேயே துணி சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வார்கள். வாடகை கட்டவே விழி பிதுங்கியது. மாதக் கடைசியில் கடையை மூடிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள். புருஷனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மிஞ்சியவர் மேனேஜர் ஒருவர்தான். மடிப்புக் கலையாத சட்டையோடு வாராவாரம் வருவார், இன்னமும் "பையன்" என்பார். அந்த வாரம் பையனைக் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"குளிப்பாட்ட வேணாம்க்கா. சென்ட் அடிச்சு, உங்க கடை ரிப்பனைக் கட்டி விட்டுடுங்க, போதும்."

வேலை போய் மாதக்கணக்கில் ஆகிறதாம். வீட்டில் சொல்லவில்லையாம். இங்கே வருவதை நிறுத்தினால் மனைவி மோப்பம் பிடித்துவிடுவாளாம். மோப்பம் பிடிக்கவேண்டிய பையனோ சென்ட் நெடி தாங்காமல் தும்மினான். ரிப்பனுக்கு மட்டும் அக்கா ஒரு தொகை சொன்னாள். சும்மா கட்டிவிட அவள் என்ன தர்மசத்திரமா நடத்துகிறாள்?

மறுநாள் மனைவியே வந்து நின்றாள். அக்காவுக்குப் பகீரென்றது. குளிக்காத பையனை அனுப்பிய குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்து, வாங்கியதைத் திருப்பித் தரக் கல்லாவைத் திறந்தாள்.

"அதுக்கு வரலைக்கா. அவருக்கு வேலை போனது எனக்கு அன்னிக்கே தெரியும். ஆபீஸ் போற மாதிரி தினமும் கிளம்பிப் போய்ப் பார்க்ல உக்காந்திருக்கார். இங்க வந்துட்டுப் போற அன்னிக்கு மட்டும்தான் சிரிச்ச முகமா இருக்கார். ஊர்ல எல்லாரும் கடையை மூடறாங்க. நீங்களும் மூடிடாதீங்க."

அக்கா திறந்த கல்லாவைச் சாத்தினாள். "நான் ஏங்க மூடறேன்?" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், கடையில் கூட்டம் தாங்கவில்லை என்று புருஷனிடம் அலுத்துக்கொண்டாள். அவன் வரவு எவ்வளவு என்றுகூடக் கேட்காமல், அவள் முகத்தையும் பார்க்காமல், நல்லது என்று தலையாட்டினான்.