மிச்சக் கிலோமீட்டர்

எங்க ஊர்ல ஒரு கார் மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடறதுக்குள்ள செத்துப்போச்சுன்னா, மிச்சத்தை அதை ஓட்டினவர் நடந்து முடிக்கணும். எங்கப்பாவோட டாக்ஸி ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரத்துல செத்துது. பாக்கி ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம்.

கிலோமீட்டர் ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. கார்ல இருந்த மீட்டரைக் கழட்டி, சணல் கயித்துல கோர்த்து, அப்பா கழுத்துல மாட்டிட்டுப் போனாங்க. அப்பாவுக்குச் சர்க்கரை. போன வருஷம்தான் வலது கால்ல ரெண்டு விரலை எடுத்தாங்க. மூணு நாள்ல ஆறு கிலோமீட்டர் நடந்தார். நாலாம் நாள் செருப்பு ரத்தத்துல ஒட்டிக்கிச்சு. இன்னும் பத்து கிலோமீட்டர் நடந்தா பாதத்தையே எடுக்கணும்னு டாக்டர் சொன்னார். ஆபீஸ்ல போய்க் கேட்டேன். பாதம் இல்லாதவங்க உருண்டு போகலாம், அதுக்குத் தடை இல்லைன்னு சொன்னாங்க.

கார் செத்ததுக்குக் காரணம் ‘ஓட்டுனர் கவனக்குறைவு’ன்னு சான்றிதழ்ல இருந்துச்சு. எழுதினது பெட்ரோல் பங்க்கும் வச்சிருக்குற பைபாஸ் சூப்பர் மார்க்கெட். கடைசியா எந்தக் கடையில பெட்ரோல் போட்டதோ அந்தக் கடைதான் சான்றிதழ் எழுதணும்ங்கறது வழக்கம். விஷம் வச்சவனையே கூப்பிட்டு, எதனால செத்துச்சுன்னு நீயே எழுதிக் கொடுன்னு கேக்குற ஊரு. நான் சட்டக் கல்லூரியில ரெண்டாம் வருஷம். எனக்கு இதெல்லாம் ஆகாது.

பிரேதப் பரிசோதனைக்கு மெக்கானிக் இஸ்மாயில் பாய்கிட்ட போனேன். கார் மேல வெள்ளைத் துணி போத்தி வச்சிருந்தார். துணியை விலக்கி, பானெட்டைத் திறந்து, இஞ்சின்ல இருந்து ஒரு சென்சாரைக் கழட்டிக் காட்டினார். நுனியெல்லாம் வெள்ளையாப் பூத்திருந்துச்சு.

"சாகும்போது குலுங்குச்சா பாப்பா?"

"மேம்பாலம் ஏறும்போது விக்கல் மாதிரி. மஞ்ச லைட் எரிஞ்சுது. அப்புறம் அப்படியே நின்னுடுச்சு."

"மூச்சுத் திணறிப் போயிருக்கு. மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். பாதாம் ஷாம்பூ.

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை எடுத்துக்கிட்டு சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். நடந்தபடியே வரேன், அந்தத் தூரமும் கணக்குல குறையுமேன்னு அப்பாவும் கூட வந்தார். பைபாஸ் முழுக்க அதே பெட்ரோல் போட்டவங்கதான். கழுத்துல மீட்டரோட இடது ஓரமா வரிசையா நடந்துக்கிட்டிருந்தாங்க. திரும்பற இடத்துல மட்டும் கையை நீட்டிக் காட்டினாங்க. பொறுமையான ஜனங்க. பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அப்பாவை வாசல்ல ட்ராலி வரிசை பக்கத்துல உட்கார வச்சுட்டு உள்ள போனேன். பருப்புக்கும் பினாயிலுக்கும் நடுவுல மேனேஜர் சுகுமார் உட்காந்திருந்தார்.

"பெட்ரோல்ல ஷாம்பூ எப்படிங்க வந்துச்சு?"

"தேதி முடிஞ்சதை வேற எங்கம்மா ஊத்தறது? சாக்கடையில ஊத்தினா மீன் சாகும். அதனால பெட்ரோல் தொட்டியில ஊத்தறோம்."

"கார் என்ன தலைக்கா குளிக்குது?"

"குளிச்சா நல்லதுதானே. உங்க கார்ல ஒரு பொடுகு காட்டுங்க பார்ப்போம்."

"செத்த காருக்குப் பொடுகு இருந்தா என்ன, பேன் இருந்தா என்ன? விதி பதினாலு படிச்சிருக்கீங்களா?"

"நீங்களே சொல்லுங்க."

"பெட்ரோல்ல கோளாறுன்னு நிரூபிச்சா ஓட்டினவர் மேல பாக்கி கிடையாது. ஊத்தின கை நடக்கணும். எது அந்தக் கைன்னு இப்பவே சொல்லுங்க."

"அப்படியே எழுதிக்கலாமா?"

"எழுதுங்க. பெரிய எழுத்துல எழுதுங்க."

அவர் மறுப்பே சொல்லலை. இஸ்மாயில் பாய் கொடுத்த காகிதத்தைப் படிச்சார். ‘ஓட்டுனர் கவனக்குறைவு’ங்கறதை அடிச்சுட்டு ‘பெட்ரோல்’னு எழுதினார். சீல் வச்சார். கீழ நான் சொன்னபடியே ‘ஊத்தின கை நடக்கும்’னு எழுதி எங்கிட்ட நீட்டினார். வாதாடினவங்க கையெழுத்துன்னு ஒரு இடம் இருந்துச்சு. போட்டேன்.

அப்புறம் பக்கத்துல இருந்த டிவியை எம்பக்கம் திருப்பினார்.

"எங்க கடையில எல்லாமே நீங்களே எடுத்துக்கறதுதான். பருப்பும் அப்படித்தான், பெட்ரோலும் அப்படித்தான்."

டிவியில, பெட்ரோல் போட்ட அன்னைக்குக் கேமராவுல பதிஞ்ச எங்க கார் நின்னுச்சு. அன்னைக்கு அப்பா குளத்தோர பங்க்லயே போடலாம்னார். பத்து லிட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் மக்கு இலவசம்னு நான்தான் எட்டு நிமிஷம் சண்டை போட்டு இங்க கூட்டிட்டு வந்தேன். கால் வலிக்குதுன்னு அப்பா சீட்டை விட்டு இறங்கலை. டிவியில ஒரு கை பெட்ரோல் குழாயை எடுத்து டேங்க்ல சொருகுச்சு.

"யாரோட கைம்மா அது?"

"என்னோடதுங்க."

"வளையல் நல்லாயிருக்கு" ன்னார்.

வெளிய வந்தேன். அப்பா சான்றிதழை வாங்கி ரெண்டு தடவை படிச்சார்.

"கிழிச்சுப் போடு கண்ணு. பழையபடி என் தப்புன்னே எழுதச் சொல்லு."

"சொன்னா எழுதுவாங்க. நான் சொல்ல மாட்டேன்."

"எதுக்கெடுத்தாலும் வாதாடாத."

"வாதாடலப்பா. குனிங்க."

அவர் குனியலை. கயித்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார். "எனக்கு ஒரு காலு போனாப் போகட்டும். உனக்கு இருபது வயசுதான்டி ஆகுது" ன்னார். ஒவ்வொரு விரலாப் பிரிச்சேன். கயிறு உரசி அவர் கழுத்துல தோல் உரிஞ்சிருந்துச்சு. மீட்டரை எங்கழுத்துல மாட்டிக்கிட்டேன். நினைச்சதை விடக் கனமா இருந்துச்சு. ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் வச்சா பதினேழு வருஷம். அவரை ட்ராலியில உட்கார வச்சேன். வாட்ச்மேன் வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போறேன்னார். அப்பா பின்பக்கமாவே பார்த்துக்கிட்டுப் போனார்.

நான் பைபாஸ்ல ஏறி, இடது ஓரமாப் போய் வரிசையில சேர்ந்தேன். முந்நூறு மீட்டர் போறதுக்குள்ள டாக்ஸி சவாரி வந்திருக்குன்னு போன் அடிச்சுது. ரெண்டு கட்டைப் பையோட ஒரு அம்மா பஸ் ஸ்டாப்ல நின்னாங்க. என் முதுகுல ஏறி உட்காந்து, பையை என் தோள்ல மாட்டிட்டு, ரயில்வே ஸ்டேஷன்னு சொன்னாங்க.

"ஏசி போடும்மா."

தலையைத் திருப்பி, வாயால அவங்க முகத்துல ஊதினேன்.

"இன்னும் கொஞ்சம் கூட்டு."

கூட்டினேன்.