சீசருக்கு மட்டும் லிஃப்ட்

சீசரை லிஃப்டில் ஏற்றி, “இருலே” என்று சொல்லிப் பொத்தானை அமுக்கிவிட்டு, பிளாரன்ஸ் படிக்கட்டுக்கு ஓடினாள். ஐந்து மாடி. லிஃப்ட் கீழே போய்ச் சேரும்போது அவளும் அங்கே நிற்க வேண்டும். அவள் வந்து “வாலே” என்று கூப்பிட்டால்தான் சீசர் வெளியே கால் வைக்கும். அப்படிப் பழக்கியிருந்தாள்.

காலையும் மாலையும் பணக்கார வீட்டு நாய்களைப் பீச் ரோட்டில் நடத்திக்கொண்டு போவது அவள் பிழைப்பு. நாய்கள் லிஃப்டில் போகலாம், வேலைக்காரர்கள் போகக் கூடாது என்று போன மாதம் அப்பார்ட்மெண்ட் சங்கத்தில் முடிவெடுத்தார்கள். எடுத்தவர் செயலாளர் ஜீவமணி. சீசரின் முதலாளியும் அவர்தான். இறால் கம்பெனியில் பத்து வருடம் நின்றே தோல் உரித்ததில் தேய்ந்திருந்த அவள் கால் முட்டு, இந்த ஒரு மாதத்தில் பன் மாதிரி வீங்கிவிட்டது.

சனிக்கிழமை மாலை கேட்டே விட்டாள்.

“அண்ணாச்சி, முட்ட மடக்க முடியல. சீசரோட நானும் லிஃப்ட்லயே போயிக்கிடுதேன்.”

“சீசருக்கு இடுப்புல கோளாறு. படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“எனக்கும் டாக்டரு அதத்தான சொன்னாரு.”

ஜீவமணி சிரித்தார். “ஒனக்குப் பாத்தா நாளைக்கு எல்லாவளும் கேப்பாளுவ. முடியலன்னா வேலைய விட்டு நின்னுக்கோ. வேற ஆளா இல்ல?”

அந்தச் சிரிப்பை அவளால் செரிக்க முடியவில்லை. திரேஸ்புரத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை வழி நெடுக அவரை வைதாள். வைதும் தீரவில்லை.

ஞாயிறு காலை சீசரை ஏற்றிப் பொத்தானை அமுக்கினாள். ஓடவில்லை. மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து கால் முட்டை நீவினாள். தூங்கி எழுந்ததும் வெளியே போகாவிட்டால் சீசரால் அடக்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பாவம், வாயில்லாத ஜீவன். அதற்காக மட்டும் வருத்தப்பட்டாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து மேலே ஜீவமணி கத்தினார். கோயிலுக்குக் கிளம்பி லிஃப்டை வரவழைத்திருக்கிறார். கதவு திறந்தால் உள்ளே சீசர், தரை முழுக்கச் சீசரின் கைங்கரியம்.

“ஏளா, எங்க தொலஞ்ச? வந்து கழுவு!”

அவள் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். ஜீவமணி இழுத்து வெளியே விட்டிருந்த சீசர் தலையைத் தொங்கப்போட்டு வீட்டு வாசலில் நின்றது.

“வேலக்காரி லிஃப்ட்ல ஏறக் கூடாதுல்லா அண்ணாச்சி?”

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஜீவமணியின் முகம் கறுத்தது. “கழுவுதுக்கு ஏறலாம். ஏறு.”

வாளியும் பினாயிலும் விளக்குமாறுமாக உள்ளே போனதும் முதல் காரியமாகக் கீழ்த்தளப் பொத்தானை அமுக்கினாள். கதவு மூட வந்தது. ஜீவமணி சட்டென்று காலை இடையில் நீட்டினார். கதவு அவருடைய வெள்ளை ஷூவில் பட்டுத் திரும்பியது.

“இங்கன வச்சே கழுவு.”

பிளாரன்ஸ் வாளியைச் சாய்த்தாள். அழுக்குத் தண்ணீரை விளக்குமாற்றால் வாசல் பக்கமே தள்ளினாள். அது ஷூவுக்குள் இறங்கியது. பேண்ட் விளிம்பு மஞ்சளானது. அவள் அவசரப்படாமல் மூலை மூலையாகக் கூட்டி அந்தக் கால் மீதே தள்ளினாள்.

காலை எடுத்தால் கதவு மூடிக்கொண்டு அவளைக் கீழே கொண்டுபோய்விடும். ஜீவமணி காலை எடுக்கவில்லை.