பால் காய்ச்சாத வீடு

ஊர் தேடி நான் சில வருடங்கள் அலைந்தேன். பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரிதான். போன இடத்திலெல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு, ஏதாவது ஒரு குறை சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

எனக்கு வேண்டியது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தால், "என்ன சாந்தினி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று யாரும் எட்டிப் பார்த்துக் கேட்காத ஊராக இருக்க வேண்டும். அவ்வளவுதான். செபராங் ஜெயாவில், எங்கள் தாமான் குடியிருப்பில், அது நடக்காது. ஜுருவில் ஒரு ஃபேக்டரியில் பூதக்கண்ணாடி வழியாக சர்க்யூட் போர்டுகளில் குறை கண்டுபிடிப்பது என் வேலையாக இருந்தது. அதை விட்ட பிறகு மைப்பேனாவை எடுத்தேன். கொடியில் காயும் துணி, கம்பத்தில் சிக்கிக் கிடக்கும் வயர், பின்சந்தில் கவிழ்த்து வைத்த வாளி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் லா இருக்கு. எங்க மக நிச்சயதார்த்தத்துக்கு வாசல்ல ஒரு கோலம் போட்டுத் தர்றியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோலத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம் அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

என் வீட்டுக்காரர் அர்ஜுனன் இந்த விஷயத்தில் என்னைக் கேலி செய்ததே கிடையாது. வாழ்நாள் முழுக்கக் கார் பட்டறையில் இருந்த மனிதர். ஓவியத்துக்கும் அவருக்கும் வெகு தூரம். ஆனாலும், "எந்த ஊருன்னு நீ காட்டு, சாமானத் தூக்கிட்டு நான் வர்றேன்" என்பார். சொன்னபடி எல்லா ஊருக்கும் வந்தார். பாலியில் உபுட் போனோம். படம் வரைகிறவர்களைவிட மோட்டார் சைக்கிள்கள்தான் அதிகம் இருந்தன. தாய்லாந்தில் பாய் என்றொரு மலையூர் போனோம். அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் எங்கள் பிள்ளை வயதுதான் இருக்கும், எங்களுக்குப் பிள்ளை இருந்திருந்தால். புதுச்சேரியில் நல்ல வீடாக ஒன்று கிடைத்தது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று வீட்டின் சொந்தக்காரர் கேட்டார். "மலேசியா ஆளுங்க" என்றேன். அவர் கேட்டது அது இல்லை என்று புரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடைசியில் ஃபஸீலாதான் என் தலையில் குட்டினாள். என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்தவள், பிறந்து வளர்ந்ததெல்லாம் எதிர்க்கரைத் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுன்.

"அடியே, ஃபெரி ஏறி இறங்குனா எங்க ஊரு. உலகத்துல இருக்கற கிறுக்கெல்லாம் அங்கதான் வந்து எறங்குது. உனக்கு மட்டும் அது கண்ணுக்குத் தெரியலியா?"

எனக்குச் சுருக்கென்றது. நாக கன்னி சிலை, கொடிமலை, சொந்தக்காரர் கல்யாணம் என்று எத்தனை தடவை அந்தத் தீவுக்குப் போயிருப்பேன். அங்கே குடியிருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. பக்கத்தில் இருப்பது ஊராகவே கணக்கில் வரவில்லை.

ஃபஸீலா சொன்ன மாடி வீடு லெபோ ஆச்சே தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது. கீழே படங்களுக்குச் சட்டம் போடும் கடை. செங்குத்தான மரப்படி. மேலே பச்சைப் பலகை ஜன்னல்கள் மூன்று, பழைய கேஸ் அடுப்பு ஒன்று, வேறு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரி மேடம் லிம், எழுபதைத் தொடுகிற சீனப் பெண்மணி, கீழே கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எங்களிடம் மலாயில்தான் பேசினார். காப்பி வரவழைத்தார். அர்ஜுனன் தன்னுடையதை என் பக்கம் நகர்த்தினார். பால் பட்டால் அவருக்கு வயிறு கெட்டுவிடும், எப்போதும் பால் சேர்க்காத கோப்பி ஓதான்.

சாவியை எடுக்க மேடம் லிம் உள்ளே போன நேரத்தில் நான் வாசல் அஞ்சடி நடைபாதையில் நின்று எதிர்வீட்டு ஜன்னலை வரைய ஆரம்பித்தேன். இரண்டு வீடு தள்ளி யாரோ வயலின் வாசித்தார்கள். கொடூரமாக வாசித்தார்கள். யாரும் போய்க் கதவைத் தட்டவில்லை. தெருவில் போனவர்கள், வழியில் பூனை படுத்திருந்தால் சுற்றிப் போவார்களே, அப்படி என்னைச் சுற்றிப் போனார்கள். ஒருவர்கூட என்ன வரைகிறாய் என்று கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வயதுக்கு மேல் ஒரு தெருவைப் பார்த்து அழுவேன் என்று நினைத்ததில்லை.

மேலே ஏறிப் போனால் அர்ஜுனன் நடு ஜன்னலின் உயரத்தைக் கையால் அளந்துகொண்டிருந்தார். "மேசைய இங்க போடு. வெளிச்சம் இடது பக்கமா விழும். உன் கை நிழல் தாள்ல விழாது." பட்டறைக்காரருக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேடம் லிம் சாவியை நீட்டினார். அர்ஜுனன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆடி பொறந்துடுச்சு மேடம். ஆடி முடியட்டும். அப்புறம் வாங்கிக்கிறோம்."

எங்கள் ஆட்கள் ஆடியில் வீடு மாற மாட்டார்கள் என்று நான் மலாயில் விளக்கினேன். மேடம் லிம்முக்கு விளக்கவே தேவையிருக்கவில்லை. சுவரில் இருந்த சீன நாட்காட்டியைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "உங்க மாசம் முடியறதுக்குள்ள எங்க பேய் மாசம் ஆரம்பிச்சிடும். அந்த மாசத்துல நான் யாருக்கும் வீடு குடுக்க மாட்டேன். காலியாவும் போட மாட்டேன். காலி வீட்டுல வேற யாராச்சும் வந்து உட்கார்ந்துக்குவாங்க." யார் என்று அவர் சொல்லவில்லை. "அதுக்கு முன்னால ஒரே ஒரு சாமான் கொண்டு வந்து வையுங்க. ஒரு சட்டி போதும். ஆள் இருக்கற வீடுன்னு ஆயிடும். மெதுவா அப்புறம் குடி வாங்க."

இதைவிட நல்ல மனுஷி கிடைப்பாரா? அர்ஜுனன் அவரிடம் சரி என்று தலையாட்டினார். ஃபெரியில் ஏறியதும், "சட்டி வெச்சாலும் அது குடி போனதுதான் சாந்தினி" என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில், முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லி நெருக்கியதால், நாங்கள் ஒரு ஆடி மாதத்தில்தான் செபராங் ஜெயா வீட்டுக்கு வந்தோம். சின்ன எவர்சில்வர் சட்டியில் பால் காய்ச்சினோம். அப்போது எனக்கு ஐந்து மாதம். புரட்டாசியில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. டாக்டர் அதற்கு ஒரு காரணம் சொன்னார். நான் டாக்டர் சொன்னதை நம்பினேன். அர்ஜுனன் ஆடியை நம்பினார். அதன் பிறகு ஆடியில் ஒரு விளக்குமாறுகூட வாங்க மாட்டார். பிள்ளையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாத மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

பேய் மாதம் பிறப்பதற்கு முந்தின நாள் காலை, ஜுருவில் கூட்டாளி ஒருத்தரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் சட்டி வைக்கக் கடைசி நாள் அதுதான். பொழுது சாய்ந்து வந்தார். வந்ததிலிருந்து கக்கூஸுக்கும் நாற்காலிக்குமாக நடந்தார். "கண்ட கடையில ரோஜாக் தின்னாதீங்கன்னா கேக்கறீங்களா?" என்று கத்திவிட்டு ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் அலமாரியில் பால் சட்டியைக் காணவில்லை. கார் பின்பெட்டியில், காகிதப் பையில் கிடந்தது.

"பால் காய்ச்சின சட்டியக் கொண்டுபோயி கார் கழுவினீங்களா?"

"ம்" என்றார்.

தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

ஆவணி பிறந்த அன்று காலையிலேயே மேடம் லிம்முக்குப் போன் போட்டேன். "வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. நீங்கதான் வேணாம்னு சொல்லிட்டீங்களே" என்றார். சட்டி வைக்காததைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். போனை வைத்துவிட்டு அர்ஜுனன் முன்னால் போய் நின்றேன்.

"ஒரு புள்ளையத்தான் பறிகொடுத்தோம். இப்ப உங்க ஆடி என் வீட்டையும் தின்னுடுச்சு. திருப்தியா?"

வேறு வீடு பார்க்கலாம் என்று இரண்டொரு தடவை சொன்னார். நான் வேண்டாம் என்றேன். வீறாப்புதான். பேனாவை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது, மழை வருகிறது, மோட்டரை நிறுத்துங்கள், இவ்வளவுதான் பேச்சு. மனிதர் இளைத்துப் போனார். நான் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

தீபாவளி முடிந்து, டிசம்பரில் ஃபஸீலா போனில் ஒரு விளம்பரம் அனுப்பினாள். அதே வீடு. ஹாஃபிஸ், ஹுஸ்னா என்று கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு ஜோடி அங்கே மரக்கட்டையில் செதுக்கிப் படம் அச்சிடுகிறார்களாம். சனிக்கிழமை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம். புண்ணைக் குத்திப் பார்க்கிற ஆசைதான், வேறென்ன. போகிறேன் என்றேன். "நானும் வர்றேன்" என்றார் அர்ஜுனன்.

மேசை நடு ஜன்னலுக்குக் கீழேதான் கிடந்தது. வெளிச்சம் இடது பக்கமாக விழுந்தது. ஹுஸ்னா அதில் குனிந்து எதையோ செதுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். "நீங்களும் வரைவீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். அர்ஜுனன் இன்னொரு ஜன்னலில் நின்று எதிரே இருந்த காப்பிக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நிற்க முடியாமல் நான் கீழே இறங்கினேன்.

மேடம் லிம் அதே நாற்காலியில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கையைப் பிடித்தார்.

"உங்களுக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேன். கடைசி நாள் சாவியோட காலையிலேர்ந்து இங்கயே உட்கார்ந்திருந்தேன். உன் புருஷன் வந்தாரே."

"யாரு?"

"உன் புருஷன்தான். எதிர்க்கடையில உட்கார்ந்து ரொம்ப நேரம் காப்பி குடிச்சார். மடியில காகிதப் பை. உள்ள சட்டி தெரிஞ்சுது. நான் கையக் காட்டினேன். எழுந்து வந்து படியில ஒரு கால் வெச்சார். அப்படியே நின்னார். நான் கூப்பிட்டேன். கையை ஆட்டிட்டுப் போயிட்டார். நீங்க வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். சாயங்காலமே இந்தப் புள்ளைங்க பாயோட வந்தாங்க. குடுத்துட்டேன்."

கடையில் சட்டங்களுக்கு ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக நான் வளர்த்துவைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்க ஆடி தின்னுடுச்சு என்று சொன்னேனே. பிள்ளையையும் சேர்த்துச் சொன்னேனே. அந்த நாக்கை அறுத்துப் போட்டாலும் சொன்னது திரும்பி வராது.

ஃபெரியில் ஜன்னல் பக்க இருக்கை கிடைத்தது. படகு கரையை விட்டு நகர்ந்தது.

"சட்டிய எடுத்துட்டுப் போனீங்களாமே" என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாக்கெட் பால் ஒண்ணு அங்கயே வாங்கினேன். மேல அடுப்பு இருந்துச்சே. காய்ச்சி வெச்சுட்டு வந்து உன்கிட்ட சாவியக் குடுக்கலாம்னு போனேன்."

"அப்புறம்?"

"படியில கால வெச்சதும் அந்தப் புள்ள ஞாபகம் வந்துடுச்சு. ஏற முடியல."

இத்தனை வருடத்தில் அவர் வாயால் அந்தப் பிள்ளையை நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். எலும்பாக இருந்தது.

"பால என்ன செஞ்சீங்க?"

"இதே மாதிரி ஃபெரியில உட்கார்ந்து குடிச்சுட்டேன்."

"உங்களுக்குத்தான் பால் ஆகாதே."

"ஆகாதுதான். கொட்ட மனசு வரல."