நெத்திலியின் காது

பூனையின் காதில் ரத்தம் எடுப்பதற்கு முதலில் பூனை சம்மதிக்க வேண்டும். நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு, மடியில் நெத்திலியை அமுக்கிக்கொண்டு, வெந்நீரில் நனைத்த துணியால் அதன் காதுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான் காஜா நவாஸ். காது சூடானதும் ஓரத்தில் ஊசியால் ஒரு குத்து. கடுகளவு ரத்தம் எட்டிப் பார்த்தது. ஸ்ட்ரிப்பை அருகில் கொண்டுபோவதற்குள் நெத்திலி தலையை ஓர் உலுக்கு உலுக்கியது. கடுகு அவன் பனியனுக்கு வந்துவிட்டது. சர்க்கரை மீட்டர், ரத்தம் போதவில்லை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்றைக்கு வீணாகும் மூன்றாவது ஸ்ட்ரிப் அது. அடுப்பில் வடைக்கு எண்ணெய் காய வைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி குல்சும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்திருந்தால் எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்பது அவனுக்கும் தெரியும், பூனைக்கும் தெரிந்திருக்கலாம்.

நெத்திலி என்று பேர் வைத்தது மகள் சுஹா. கீழக்கரை மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் நெத்திலி கணக்காக ஒட்டிக்கிடந்த குட்டியைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். அது தின்று தின்று திண்டு மாதிரி ஆன பிறகும் பேர் மாறவில்லை. போன வருஷக் கடைசியில் அந்தத் திண்டு இளைக்க ஆரம்பித்தது. வாளித் தண்ணீரில் முகத்தை வைத்தால் எடுப்பதில்லை, வீட்டில் மூலைக்கு மூலை மூத்திரம். ராமநாதபுரத்தில் மாட்டு டாக்டரிடம் காட்டியபோது அவர் பரிசோதித்துவிட்டு, சர்க்கரை என்றார். காலையும் மாலையும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு யூனிட் இன்சுலின் போட வேண்டும், தன்னைக் கேட்காமல் கூட்டக் கூடாது என்றார். அவர் பேசி முடிக்கும் முன்பே குல்சும் வெளியே போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தெருவில் இதைக் கேட்டவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காஜா காக்கா, உங்க பூனைக்கு டீ போட்டா சீனி போடலாமா, கூடாதா?" என்று கடைத்தெருவில் ஒருவன் கேட்டான். இவனும் சிரித்து வைத்தான். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

சுஹாவுக்குச் சர்க்கரை வந்தது எட்டு வயதில். அப்போது அவன் சவூதியில், தம்மாமில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். விரலில் குத்துவதும், வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசி போடுவதும், பள்ளிக்கூட வாசலில் பிஸ்கட்டோடு நிற்பதும் குல்சுமின் பாடு. அவனுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் வெறும் எண்கள். 'வாப்பா, 142' என்று வாட்ஸப்பில் வரும். 'வாப்பா, 297. தொதல் தின்னுட்டேன். உம்மா திட்டுது' என்று வரும். அவன் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மையை அனுப்பிவிட்டு மீன் பெட்டிகளை அடுக்கப் போய்விடுவான். ஏழு வருஷம் அப்படித்தான் மகளை வளர்த்தான். பதினைந்து வயதில், ஒரு மழைக்காலத்தில், காய்ச்சலும் வாந்தியுமாக மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில் அவள் போய்விட்டாள். விமானம் பிடித்து அவன் வந்து சேர்ந்தபோது மய்யித்தை அடக்கியாகிவிட்டது. பார்க்கக் கிடைத்தது ஈர மண்தான். பிறகு அவன் தம்மாமுக்குத் திரும்பவில்லை. அந்தச் சேதிகள் இருந்த போனும் அதே மழையில் நனைந்து செத்துப்போனது.

நெத்திலிக்கு ஊசி ஆரம்பித்த புதிதில் பீரோவைத் துழாவியபோது சுஹாவின் நீல நிறப் பை கிடைத்தது. மீட்டரும் பாதி ஸ்ட்ரிப் டப்பாவும் அதற்குள் இருந்தன. நல்லதாகப் போயிற்று என்று அதிலேயே பூனையின் ரத்தத்தைத் தொட்டு வைத்தான். மீட்டர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்த குல்சும் ஈரக்கையோடு ஓடிவந்து அதைப் பிடுங்கினாள்.

"யாரைக் கேட்டு இதுல எடுத்தீங்க?"

"மீட்டர்தானே குல்சும்."

"உள்ள அவ இருக்கா."

அவனுக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். அந்த மீட்டர் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாம், ஆனால் ஒரு அளவுக்குத்தான். நிரம்பிவிட்டால், புதிதாக ஒன்று வரும்போது ஆகப் பழையது அழிந்துவிடும். சுஹாவின் கடைசி நாலு மாதம் முழுக்க அதற்குள் நிரம்பியிருந்தது. அவள் எழுந்தது, தின்றது, விளையாடியது, பரீட்சைக்குப் பயந்தது எல்லாம் தேதி போட்டு, நேரம் போட்டு, எண்ணாக. ராத்திரி படுக்கப் போகும் முன் குல்சும் அதைத் தடவித் தடவிப் பார்ப்பதை, போனில் என்னவோ பார்க்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"ஒண்ணு போயிருச்சு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மறுநாளே அவன் வேறு மீட்டர் வாங்கிவந்தான். அதற்கு ஸ்ட்ரிப்பும் வேறு. நீலப் பை பீரோவுக்குள் போய், பீரோச் சாவி குல்சுமின் இடுப்புக்குப் போனது. ஊசிப் பக்கம் அவள் வரவே இல்லை. அவனும் கூப்பிடவில்லை. இந்த ஒன்றையாவது தன் கையால் சரியாகச் செய்துவிட வேண்டும் என்ற வீம்பு அவனுக்கு வந்திருந்தது. மகளுக்குப் போடாத ஊசியை மகளின் பூனைக்காவது போட்டு, அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அவனுக்கு வேறு வேண்டுதல் எதுவும் இல்லை.

நோன்பு பிறந்து முதல் வாரத்தில் எண் ஏறத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக இருக்கும். மாலையில் எடுத்துப் பார்த்தால் முந்நூற்றைம்பது, முந்நூற்றெண்பது. வீட்டில் அவன் கொடுப்பது அவித்த மீனும் கோழியும்தான். பிறகு ஏன் ஏறுகிறது? ஒரு யூனிட்டை ஒன்றரை ஆக்கினான். அசையவில்லை. இரண்டு ஆக்கினான். நோன்பின் கடைசி வாரத்தில் மூன்று.

"டாக்டரைக் கேட்டீங்களா?" என்றாள் குல்சும், கஞ்சிக் கோப்பைகளைக் கழுவியபடி. ஊசி விஷயமாக அவள் அத்தனை நாளில் பேசியது அது ஒன்றுதான்.

"நம்பரைப் பார்த்துத்தானே போடுறேன். ஏழு வருஷமா நம்பர் பார்த்தவன் நான்."

அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பெருநாளும் வந்து போனது. அன்று மாலை வீடு நிறைய விருந்தாளிகள், எண்ணைப் பார்க்காமல் வழக்கம்போல மூன்று யூனிட் போட்டான். மறுநாள் காலை ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தால் காலி. பாதிக்கு மேல் அவன் பனியனுக்கே போயிருந்தது. நெத்திலி மீனை முகர்ந்துவிட்டுக் கொஞ்சம் தின்றது. பெருநாள் அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பார்க்காமலே மூன்று யூனிட்டைப் போட்டுவிட்டு, ஸ்ட்ரிப் வாங்க ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினான். உள்ளூரில் கடைகள் திறந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ் பாதி வழியில் திருப்புல்லாணியைக்கூடத் தாண்டவில்லை. குல்சும் போன் செய்தாள்.

"நெத்திலி காலை இழுக்குது. எச்சி வடியுது. காலைல எவ்வளவு போட்டீங்க?"

"மூணு."

"பார்த்துட்டா போட்டீங்க?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. போனைத் துண்டிக்காமல் எங்கேயோ வைத்துவிட்டுப் போனாள். சாவிக்கொத்து குலுங்கியது. பீரோக் கதவு முனகியது. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா தங்கம், இந்தா முடிஞ்சிருச்சு" என்று அவள் குரல், அவன் இதுவரை கேட்டிராத ஒரு குரல், தூரத்தில் கேட்டது. பிறகு அந்தக் கீச்சுச் சத்தம். புது மீட்டருக்குத்தான் ஸ்ட்ரிப் இல்லையே, இது எந்த மீட்டர் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"முப்பத்தெட்டு" என்றாள்.

"குல்சும், அதுல வேணாம்... நான் இந்தா வந்துர்றேன், ஸ்ட்ரிப் கையில இருக்கு..."

"நீங்க வார வரைக்கும் இது தாங்காது." போனை வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தோளை உலுக்கி, என்ன தம்பி, உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். காஜா நவாஸ் தலையை மட்டும் ஆட்டினான். அவள் மறுபடி அழைத்தாள். சீனிப்பாகை ஈறில் தடவியிருக்கிறாளாம். "நாப்பத்தொண்ணு" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அம்பத்தாறு. தலையத் தூக்குறான்." இன்னொரு தடவை, "எழுபத்திரெண்டு." எண்கள் ஒவ்வொன்றாக அவன் காதில் வந்து விழுந்தன. தம்மாமில் விழுந்த மாதிரியே, அவன் கைக்கு எட்டாத இடத்திலிருந்து. ஒவ்வொரு எண் வரும்போதும் இன்னோர் எண் என்றைக்குமாக அழிவது அவனுக்குத் தெரிந்தது. ஸ்ட்ரிப் டப்பாவை மூடி நசுங்கும்படி பிடித்திருந்தான். டிரைவர் எல்லா நிறுத்தத்திலும் நின்று நிதானமாக ஆள் ஏற்றினார்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு மஜீதா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அழுத கண்.

"காக்கா, எனக்குத் தெரியாது காக்கா. நோன்பு பூரா சாயங்காலம் நம்ம சுவத்துல வந்து நிக்கும். பள்ளிவாசல் கஞ்சி ஒரு கோப்பை ஊத்துவேன். வாயில்லா சீவன்னு... சோறு ஆகாதுன்னு யாரும் சொல்லலியே. நேத்துப் பெருநா, கஞ்சிக்கு எங்க போவேன்? வந்து பார்த்துட்டுச் சும்மா போயிருச்சு."

அவன் மதில் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டான். கஞ்சியில் ஏறிய எண்ணுக்குத்தான் அவன் மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறான். கஞ்சி நின்றது, மருந்து நிற்கவில்லை. எண்ணைப் பார்த்தவன் பூனை எங்கே போய் வருகிறது என்று பார்க்கவில்லை. மஜீதாவிடம், "நீ என்னம்மா செய்வே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அடுப்படியில் ஜன்னலுக்குக் கீழே குல்சும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் நெத்திலி, கண்ணைத் திறந்து, அவள் விரலில் ஒட்டியிருந்த பாகை மெதுவாக நக்கிக்கொண்டிருந்தது. தரையில் சுஹாவின் மீட்டர். அவன் எதிரில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தான்.

"திரும்பப் பார்க்கணும். புதுசை எடுங்க" என்றாள்.

அவன் எடுத்தான். அவள் நெத்திலியின் காதை இரண்டு விரலால் விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இங்கன பாருங்க. நரம்பு தெரியுதா? அதுக்குப் பக்கத்துல, ஓரத்துல. பயந்தா அதுக்கும் பயம் வரும். சுஹாகிட்டயும் அப்பிடித்தான்." வெயில் பட்டுக் காது முழுக்கச் சிவந்திருந்தது, நடுவில் ஒரு மெல்லிய நூல். அவன் குத்தினான். ரத்தம் அசையாமல் நின்றது, ஸ்ட்ரிப் உறிஞ்சிக்கொண்டது. தொண்ணூற்றெட்டு. அவன் அதை வாய்விட்டுச் சொன்னான், பக்கத்தில் இருப்பவளுக்குத் தேவையில்லாத அளவு சத்தமாக.

"சாயங்காலம் ஊசி வேணாம். டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்க. அவர் சொன்னா நாளையிலேருந்து பழையபடி ஒண்ணு" என்றாள். கொஞ்ச நேரம் நெத்திலியின் முதுகைத் தடவினாள்.

"எத்தனை போச்சு?" என்று கேட்டான்.

"நாலு. நூத்தி நாப்பத்தாறு, அன்னைக்கு வெள்ளிக்கிழமை, தலைக்குத் தண்ணி ஊத்திருந்தா. இருநூத்திப் பத்து, சாயங்காலம் மஜீதா வீட்டுல பனம்பழம். தொண்ணூத்தஞ்சு, பாடம் எழுதிக்கிட்டே தூங்கிட்டா. அப்புறம் நூத்தி முப்பத்தொண்ணு." நிறுத்தினாள். "எல்லாம் உங்களுக்கு அனுப்பினதுதான்."

அவனுக்கு ஒன்றுகூட நினைவில்லை. கட்டைவிரலைத் தவிர எதுவும் நினைவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அழுதான். இந்த முறை கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அவள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. சற்றுப் பொறுத்து, பாகு ஒட்டாத கையால் தரையிலிருந்த மீட்டரை எடுத்து, எதையோ அழுத்தி, அவன் பக்கம் திருப்பினாள். இப்போது இருப்பதிலேயே பழையது. 118. பக்கத்தில் ஒரு தேதி. காலை ஏழு பத்து.

"பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி" என்றாள்.

அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நெத்திலி பாகை நக்கி முடித்து, காதில் சிவப்புப் புள்ளிகளோடு, அவள் மடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டது. சிறிது நேரத்தில் மீட்டர் தானாக அணைந்தது. கண்ணாடியில் ஜன்னல் மட்டும் தெரிந்தது.

"இன்னொரு தடவை போடு" என்றான்.

அவள் போட்டாள்.