இரண்டு வீட்டுக்கு ஒரு உத்தரம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையின் வீடு முதலில் எங்கள் ஊர் ஸ்ரீவராகத்தில் இல்லை. பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டில், நான் பார்த்தேயிராத ஒரு நதிக்கரையில் இருந்தது. மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்துக்கொண்டிருந்தால் இப்படித்தான். கனவில்கூடக் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு நடக்கிறேன். நாலு பக்கம் எழுதியிருந்தபோது, ஒரு மத்தியானம் பழவங்காடியில் பஸ்ஸுக்கு நிற்கையில், பக்கத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "உத்தரம் ஒண்ணு, வீடு ரெண்டு. யார் அறுக்கறது?" பதில் வருவதற்குள் பஸ் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பனியை அடித்துவிட்டு, அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டேன்.

2

ஆரம்பங்கள்:

ஜானவி வீடு வாங்கியபோது அவளுக்கு முப்பத்து

(வயதில் தொடங்கினால் விண்ணப்பம் மாதிரி இருக்கிறது.)

பழைய வீடு என்பது பாதி மறந்துபோன ஒரு

(இந்த வரியை எங்கேயோ படித்திருக்கிறேன். எழுதியவர் வந்து கேட்பதற்குள் நிறுத்திவிடுகிறேன்.)

கூரை ஓட்டைப் பிரித்த அன்று நடு அறைக்குள் வானம் இறங்கி வந்து, கைமரச் சட்டங்களின் நிழலோடு தரையில் கோடு கோடாகப் படுத்துக்கொண்டது. ஜானவி செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்தாள்.

இது இருக்கட்டும்.

3

ஜானவியும் அவள் கணவன் சுமந்தும் வாங்கியது, வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் அக்கிரகார வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டில் சூடாமணி மாமி தனியாக இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு*. எந்த விசேஷமானாலும் ஒட்டுச்சுவர் வீட்டுக்குத்தான் முதல் குங்குமம். நேரில் போய், பேர் சொல்லி, கூப்பிட வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாம் அதற்குப் பிறகு. கழக்கூட்டம் ஐ.டி. வளாகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சுமந்துக்கு இது தெரியாது. பால் காய்ச்சும் நாளுக்கு, வீணை வாசிக்கும் ஒரு வீடியோ அழைப்பிதழைச் செய்து தெரு வாட்ஸாப் குழுவில் போட்டான். எல்லோரும் வந்தார்கள். சூடாமணி மாமி, கும்பிடும் கைப் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார்.

* எல்லா அக்கிரகாரத்திலும் உண்டா என்று கேட்காதீர்கள். இந்தக் கதையின் தெருவில் உண்டு.

4

கூரையைப் பழுதுபார்க்க ஓடு இறக்கிய இரண்டாம் நாள், மேலே நின்ற கொத்தனார் செல்வின் கூப்பிட்டான். மார்த்தாண்டத்துக்காரன், பயந்தால் தமாஷ் பேசுவான்.

"அக்கா, இந்த உத்தரம் சொவத்துல முடியல பாத்துக்கிடுங்க. சொவத்தைத் தொளச்சிட்டு மாமி வீட்டுக்குள்ள போவுது. ரெண்டு வீட்டையும் ஒத்தத் தடிதான் தாங்குது. நம்ம பக்கம் பூரா செதல் அரிச்சாச்சு."

"நம்ம பக்கத்தை மட்டும் அறுத்து மாத்த முடியாதா?"

"அறுக்கலாம். மாமி வீட்டு ஓடு மாமி மடியில வந்து இருக்கும்."

"விளையாடாதே, செல்வின்."

"உள்ளதைத்தானே சொல்லுதேன். அவங்க ஹால்ல இரும்பு முட்டு குடுத்து, ரெண்டு பக்கமும் தாங்கிட்டுத்தான் தடியை எடுக்கணும். பத்து நாள் ஜோலி. காலவர்ஷ மழை தொடங்க முன்ன முடிக்கலேன்னா, இந்தத் தடி தாங்காது. ரெண்டு வீடும் போவும்."

மே மாதம் பாதி போயிருந்தது.

ஜானவி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தது கதவல்ல, ஜன்னலில் ஒரு பாதி.

"மாமி, உள்ள வரலாமா? உங்க ஹால்ல முட்டு வைக்கணும். உத்தரம் ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணா இருக்கு."

"பால் காய்ச்சறதுக்கு வாட்ஸாப்பில கூப்பிட்டேள். நானும் வாட்ஸாப்பிலயே வந்துட்டுப் போயிட்டேன். உத்தரத்தையும் அதிலயே அனுப்பும்மா. சௌகரியமாப் பாத்துக்கறேன்."

ஜன்னல் மூடிக்கொண்டது.

5

இந்த இடத்தில் சூடாமணி மாமியை எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போன பாத்திரத்தை நம்பக் கூடாது. ஒரு அழைப்புக்காகத் தன் தலைக்கு மேலிருக்கும் கூரையை ஒருத்தர் பணயம் வைப்பாரா? அவருக்கு அமெரிக்காவில் ஒரு மகனைக் கொடுத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒரு பழைய கோர்ட் வழக்கைக் கொடுத்தேன். அதையும்

இரண்டு நாள் எழுதவில்லை. மூன்றாம் நாள் மழை பெய்தது. வெளியேயும், கதையிலும்.

6

கோடை மழைதான், கால் மணி நேரம். பிரித்த கூரைக்கு மேல் போட்ட டார்ப்பாய்க்குக் கீழே நீல வெளிச்சத்தில், தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல ஜானவி நின்றுகொண்டிருந்தாள். உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதன் வழியாக ஒரு சத்தம் வந்தது. டொக். வெறும் பாத்திரத்தில் விழும் சத்தம். பிறகு இன்னொன்று, வேறு சுருதியில். ஒரு அண்டாவைத் தரையில் இழுப்பது கேட்டது. மூன்றாவது சுருதி சேர்ந்தது.

மாமி வீட்டுக்குள்ளும் மழை பெய்துகொண்டிருந்தது. இன்று தொடங்கியதல்ல, எந்தப் பாத்திரம் எங்கே என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

சுமந்தை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்போ நல்லதாப் போச்சே," என்றான் அவன். "அவாளுக்கும் ஆகவேண்டிய வேலைதானே. போய்ச் சொல்லிடு."

"என்னன்னு சொல்ல? மாமி, உங்காத்துல ஒழுகறது எனக்குக் கேட்டுதுன்னா?"

சுவரின் இடைவெளியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்படிச் சொன்னா இனி ஜன்னலும் திறக்காது, சுமந்த்."

7

மறுநாள் காலை அவள் குளித்து, புடவை கட்டி, குங்குமச் சிமிழோடு போனாள். இதுவரை எழுதியதில் எனக்குத் தெரியாமல் நடந்தது இது ஒன்றுதான்: கதவைத் தட்டிவிட்டு என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை.

"சூடாமணி மாமி, ஜானவி வந்திருக்கேன். முதல்ல வந்திருக்க வேண்டியது, இப்போ வந்திருக்கேன்." சிமிழை மற்றக் கைக்கு மாற்றினாள். "நேத்து எங்காத்துல ஒரே ஒழுகல் மாமி. பாத்திரமா எடுத்து வச்சேன். அந்த டொக் டொக் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருந்திருக்கும். மன்னிச்சுக்கணும்."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே காலடிச் சத்தம் கதவு வரை வந்து நின்றது.

8

முடிவுகள்:

அ. கதவு திறக்கிறது. செல்வின் முட்டு கொடுக்கிறான், பத்தாம் நாள் புதுத் தடி ஏறுகிறது, மழை ஓட்டின் மேலேயே பெய்கிறது. (இதை எழுதிய அன்று நன்றாகத் தூங்கினேன். அதனால்தான் சந்தேகம்.)

ஆ. கதவு திறக்கவில்லை. ஜூன் மூன்றாம் தேதி விடிகாலை, உத்தரம்

(இல்லை.)

9

என் சிக்கல் இதுதான். முதலிலிருந்து நான் ஜானவி பக்கமே நின்றுவிட்டேன். அவள் பார்த்ததைத்தான் பார்த்தேன், அவள் கேட்டதைத்தான் கேட்டேன். இப்போதும் அவளோடு வெளியேதான் நிற்கிறேன். ஒட்டுச்சுவர் எனக்கும் சுவர்தான்.

நீங்கள் அப்படியல்ல. கொஞ்ச நேரமாகவே உள்ளே இருப்பவர் நீங்கள். ஹாலில் மூன்று பாத்திரங்கள். நேற்றைய தண்ணீரை இன்னும் கொட்டவில்லை. அண்டா கனமாக இருக்கிறது, ஒளித்துவைக்க நேரமில்லை. வெளியே ஒருத்தி, உங்கள் ஒழுகலைத் தன்னுடையது என்று சொல்லி, உங்களிடமே மன்னிப்புக் கேட்கிறாள். அவளுக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

தாழ்ப்பாள் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.